இருபத்தெட்டு அங்குல உயரம்

இந்த முறை தீர்ப்பு இல்லை, அரசாணை இல்லை, ஆர்ப்பாட்ட அறிவிப்பும் இல்லை. ஒரு மடக்கு மேசையைப் பற்றி எழுதுகிறேன். அதை எப்படித் திட்டமிட்டோம், எந்த மரத்தில் செய்வது என்று எப்படி முடிவெடுத்தோம் என்பதுதான் விஷயம். 'அண்ணன் அரசியலை விட்டுட்டுத் தச்சு வேலைக்குப் போயிட்டாரா' என்று கேட்கத் தோன்றும் தோழர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பெரியகுளம் வட்டத்தில், பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கெங்குவார்பட்டி. பேரூராட்சி. கொடைக்கானல் மலைச்சாலை பிரிகிற காட்ரோடு பக்கம். மஞ்சளாறு அணையும் தூரமில்லை. சுற்றிலும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. அந்தத் தோப்புகளில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் பகுதியில்தான் என் அக்கா வீடு. 'காலனி' என்று எழுதத்தான் கை போகிறது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லது. சுவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அக்காவின் மூத்த மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டின் முன்னறை பத்துக்கு ஒன்பது அடி. அதற்குள் ஒரு பீரோ, டிவி, தையல் மிஷின், அரிசி டிரம். இரவில் அதே அறையில் நான்கு பேர் படுக்க வேண்டும். அரிசி டிரம்மின் மூடிதான் அவளுக்கு மேசை. அது அலுத்துப்போனால் தரையில் குப்புறப் படுத்து எழுதுவாள். ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

"பொஸ்தகம் ஒண்ணு, நோட்டு ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிக்கணும் மாமா. டிரம்மு மேல ஒண்ணுதான் நிக்கிது. கணக்குப் போடும்போது பொஸ்தகத்தை மூடி மூடித் திறந்தா எனக்கு மறந்துருது" என்றாள்.

மேசையின் அகலம் இந்தப் பேச்சிலிருந்துதான் வந்தது. விரித்த பாடநூல் பதினாறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. விரித்த பெரிய நோட்டும் அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் 33. பேனா வைக்க ஒரு விரற்கடை சேர்த்து 36 அங்குலம் என்று வைத்துக்கொண்டோம். முன்பின்னாக 20 அங்குலம். உயரத்துக்கும் அவளையே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து டேப்பைப் பிடித்தேன். இருபத்தேழு. மேசை இருபத்தெட்டு என்று முடிவானது.

பத்துக்கு ஒன்பது அறையில் மூன்றடி மேசையை நிரந்தரமாகப் போட்டால் ஒருவர் படுக்க இடமில்லாமல் போகும். அதனால்தான் மடக்கு. பலருக்கு மடக்கு மேசை என்பது சுற்றுலாச் சாமான். நம் வீடுகளில் அது கட்டட அளவு போட்ட உத்தரவு. இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி. பிறகு வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமையலிடத்தையும் சேர்த்து 25 சதுர மீட்டர். 2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் பசுமை வீடு 300 சதுர அடி. 2024-இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் 360. வளர்ந்துதான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த வரைபடங்களைப் போட்டவர்கள் அடுப்புக்கு இடம் யோசித்தார்கள், கழிப்பறைக்கு யோசித்தார்கள், படிக்கிற பிள்ளை எங்கே உட்காரும் என்று யோசித்ததற்கான தடயம் எனக்குத் தென்படவில்லை. கோரிக்கை மனு எழுதும்போது வீட்டின் எண்ணிக்கையைக் கேட்கும் நாமும் அதன் உள் அளவைக் கேட்பதில்லை.

அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையில் எல்லோருக்கும் தெரிந்தது சதாரா பள்ளியும் சாக்குத் துணியும். மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. தனியாக ஒரு மூலை, தனியாக ஒரு சாக்கு. பள்ளியைப் பெருக்குகிற வேலையாளும் அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதிகம் பேசப்படாதது அதற்குப் பிறகான பம்பாய் வாழ்க்கை. பரேலில் ஒற்றை அறை. சமையல், தூக்கம், சாமான் எல்லாம் அதற்குள்தான். மகன் சீக்கிரம் படுத்துவிடுவார். அப்பா ராம்ஜி விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். விடியும்வரை மகன் விளக்கடியில் படிப்பார். இடத்தை மடக்க முடியாத வீட்டில் தூக்கத்தை மடக்கியிருக்கிறார்கள். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறியது இப்படித்தான். அதே மனிதர் 1930-களில் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியபோது புத்தகங்களுக்கென்றே பெரிய இடம் ஒதுக்கினார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, மேசைக்கு வருவோம். சுவரில் கீல் அடித்துத் தொங்கவிடும் பலகை ஒன்று போதும் என்று முதலில் சொன்னவர் மச்சான். அக்கா வீட்டுச் சுவரில் காலண்டர் ஆணியே நிற்காது, பூச்சு பொலபொலவென்று உதிரும். அதனால் கத்தரிக்கால் மேசை. இரண்டு கால் சட்டங்கள், ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. நடுவில் குறுக்காகச் சந்திக்கும் இடத்தில் இருபுறமும் போல்ட். ஒரு சட்டத்தின் தலை மேல்பலகையோடு கீலில் இருக்கும். மற்றதன் தலைக்கட்டை பலகைக்கு அடியில் வெட்டிய காடியில் போய் உட்காரும். காடியிலிருந்து தூக்கினால் மேசை தட்டையாகிவிடும். கனம் மூன்று அங்குலம். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் செருகிவிடலாம்.

காலின் நீளத்தை மருமகளே கணக்குப் போட்டாள். பலகையின் கனம் போக உயரம் இருபத்தேழே கால், தரையில் கால்கள் விரியும் அகலம் 18. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் முப்பத்திரண்டரைக்குக் கொஞ்சம் மேலே. முனையைச் சாய்வாக வெட்ட விட்டு 33 அங்குலம். பிதாகரஸ் தேற்றத்தைப் பத்து மதிப்பெண்ணுக்காக அல்லாமல் அவள் முதன்முறையாகப் பயன்படுத்தியது அன்றைக்குத்தான். காலுக்கு இரண்டுக்கு ஒன்றேகால் கட்டை, குறுக்குக் கட்டைகள், முக்கால் அங்குல மேல்பலகை எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 1,200 கன அங்குலத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். ஆக, அறுப்பிலும் இழைப்பிலும் போகும் சேதாரத்தையும் சேர்த்து ஒரு கன அடி மரம் போதும். மரக்கடைக்குப் போகும்முன் இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு.

ஒரு கன அடி மரம். அது எங்கிருந்து வரும்?

சொந்த நிலம் இருக்கிறவர் வரப்பில் நிற்கும் வேம்பை வெட்டிக்கொள்வார். நமக்கு வரப்பு கிடையாது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை இருந்தது. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று யார் கையில் என்று இங்கே படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நிலத்தைப் பற்றிப் பேசும்போது நெல்லையும் கரும்பையும் நினைக்கிறோம். நிலம் போனால் நிழலும் போகும், விறகும் போகும், வாசற்கதவுக்கான கட்டையும் போகும்.

ஆனால் மரத்தைப் பற்றிய அறிவு நம்மிடம் இல்லாமலில்லை. மச்சான் மரலாரியில் லோடு ஏற்றும் வேலை பார்த்தவர். ஒரு கட்டையைத் தோளில் வைத்தவுடன் பச்சையா காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். "காஞ்ச தேக்கு தோள்ல உக்காரும், பச்சை மரம் தோளை அமுக்கும்" என்பார். என் தாத்தா பறையடித்தவர். பறையின் வட்டச் சட்டம் ஒற்றை மரமல்ல, வேப்ப மரத்தின் மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கித் தகடடித்து இணைப்பது. நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கிற கருவி. அந்தச் சூட்டிலும் இணைப்பு விடக் கூடாது. எந்த வேம்பு வெடிக்கும், எது நிற்கும் என்று பார்த்துப் பொறுக்குவது தாத்தாவின் வேலை. அதை யாரும் தச்சு என்று சொன்னதில்லை. தாத்தாவுக்கே அது சாவுக்குப் போகிற வேலையின் ஒரு பகுதியாகத்தான் தெரிந்தது.

எங்கள் சிறுவயதில் வீட்டுக்குக் கதவு வேண்டுமென்றால் அளவை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு போக வேண்டும். தச்சர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். பட்டறைக்கு வெளியே நின்று வாங்கி, நாங்களே தூக்கிவந்து மாட்டிக்கொள்வோம். அந்தத் தச்சருக்கும் அவர் சாதி ஒரு வட்டம் போட்டிருந்தது என்பது பிற்பாடு புரிந்தது. பட்டறையில் பிறந்தவர் பட்டறையை விட்டுப் போக முடியாது, பட்டறையில் பிறக்காதவர் உள்ளே வர முடியாது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தமிழகம் எதிர்த்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், திட்டமும் போனது. எழுபது ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில், 18 தொழில்களுக்கு ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது குடும்பத் தொழில் என்ற நிபந்தனை மறுபடி வந்தது. அப்படியே ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024 இறுதியில் சொல்லி, அந்த நிபந்தனை இல்லாமல் தனியாக ஒரு கைவினைத் திட்டத்தை அறிவித்தது. இந்த விவாதத்தில் நாம் 'எங்கள் பிள்ளைகளை உளி பிடிக்க வைக்காதே' என்று மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். எந்தப் பிள்ளைக்கும் உளி பிடிக்க ஆசை வரலாம், பிடிக்கட்டும். பிறப்பை வைத்து உளியைக் கொடுப்பதும் தவறு, மறுப்பதும் தவறு. மேசையை நாமே செய்வது என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் காரணம், காசு மட்டுமல்ல.

மரத் தேர்வு இரண்டு வாரம் நடந்தது. இந்தப் பக்கத்தில் கிடைக்கிற மரங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம்.

மா மலிவு. பெரியகுளம் தோப்புகளில் வயதான மரங்களை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பலகை அழகாகவும் இருக்கும். ஆனால் சீக்கிரம் உளுத்துப்போகும், மருந்து ஏற்றாமல் வாங்கக் கூடாது. தென்னையின் வெளிவட்டம் இரும்பு, உள்ளே சோறு. நார் சிலும்பாகக் கிளம்பிக் கையில் ஏறும், எழுதுகிற பலகைக்கு ஆகாது. புளி பேச்சுக்கே இடமில்லை, கறிக்கடைக் கட்டைக்கு வைத்த மரம், உளியின் வாய் மழுங்கிவிடும். இலவம் இறகு மாதிரி, போல்ட் போட்டால் துளை நாளடைவில் அகன்றுவிடும். பூவரசுக்கு உறுதியும் உண்டு, மினுமினுப்பும் உண்டு. ஆனால் நேராக மூன்றடி எடுக்க ஒரு தோட்டத்தையே தேட வேண்டும். வாகை நல்ல கட்டை. அறுக்கும்போது வரும் தூளில் தும்மல் நிற்காது. எங்கள் வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருப்பதால் விட்டோம்.

வேம்பைத்தான் அக்கா விரும்பினாள், தாத்தாவை நினைத்து. மகாகனியும் வேம்பும் ஒரே குடும்பம். பூச்சி அண்டாது, விலையும் தாங்கும். ஆனால் வேம்பின் நார் ஒரே திசையில் ஓடாது, முன்னும் பின்னுமாகப் பின்னிக்கிடக்கும். இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கும், மறு பக்கம் பிய்க்கும். சரியாகக் காயாத வேம்பில் நீளமான கால் போட்டால் முறுக்கிக்கொள்ளும். முழங்கை அளவுத் துண்டுகளால் ஆன பறைக்குப் பொருந்துவது 33 அங்குலக் காலுக்குப் பொருந்தாது. அக்காவுக்கு வருத்தம்தான். கீல் மாட்டும் இரண்டு அடிக்கட்டைகளை மட்டும் வேம்பில் போட்டுக் கொடுத்தேன்.

மேல்பலகைக்குச் சில்வர் ஓக் என்று முடிவானது. மலையில் காபிக்கு நிழலுக்கு வைக்கிற மரம், மிளகுக் கொடியும் ஏற்றுவார்கள். தேக்கை விட லேசு, விலை பல மடங்கு குறைவு. பெட்டி செய்யும் மரம் என்று கடைக்காரர்களுக்கு இளக்காரம். நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டமாக நிற்கும். இருபது அங்குலத்துக்கு ஒரே பலகை கேட்காதீர்கள், கிடைத்தாலும் மழைக்காலத்தில் கிண்ணமாக வளையும். ஐந்தங்குலப் பலகை நான்கு எடுத்து, வெட்டுமுகத்தில் தெரியும் வளையங்கள் ஒன்றுக்கு மேல் நோக்கியும் அடுத்ததற்குக் கீழ் நோக்கியும் இருக்கும்படி மாற்றி மாற்றி வைத்துப் பசை போட்டு இறுக்கினோம். ஒன்று வளையப் பார்த்தால் பக்கத்தில் இருப்பது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

கால்தான் சிக்கல். முழு எடையும் போல்ட் துளையைச் சுற்றியுள்ள ஓர் அங்குல மரத்தில் வந்து நிற்கிறது. அங்கே கணு இருக்கக் கூடாது, வெளிறு இருக்கக் கூடாது, வைரம் பாய்ந்த பாகமாக இருக்க வேண்டும். புதுத் தேக்கு நம் கைக்கு எட்டாது. பழைய மரக்கடைக்குப் போனோம். இடித்த வீடுகளின் கதவு, நிலை, உத்திரம் விற்கிற இடம். (அங்கே விற்கிற எல்லாமே பர்மா தேக்குதான். கேட்டுப் பாருங்கள்.) பழைய கட்டையில் ஒரு பெரிய லாபம், பல பத்தாண்டுகள் காய்ந்து முடித்தது, இனி அசையாது. ஒரு கெடுதல், உள்ளே முறிந்த ஆணி ஒளிந்திருக்கும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கட்டை முழுக்கத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மில்லுக்கு அனுப்ப வேண்டும்.

ஆறரை அடி நீளம், ஐந்துக்கு மூன்று கனத்தில் ஒரு நிலைக்கால் கிடைத்தது. முனையில் கொஞ்சம் சீவிப் பார்த்தால் தேன்நிறம், எண்ணெய் மணம். எந்த ஊர் வீட்டு நிலை என்று மச்சான் சும்மா கேட்டார். கடைக்காரர் ஊரையும் சொன்னார், எந்தத் தெருப் பெரிய வீடு என்றும் சொன்னார். அக்காவின் முகம் மாறிவிட்டது. பாட்டி கதிர் அறுக்கப் போன ஊர். அந்த மாதிரி வீடுகளில் பாட்டி கூலி வாங்கியது பின்பக்கத்து மாட்டுக் கொட்டகையில். தலைவாசல் நிலையை அவள் தெருவில் நின்றுகூட நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாள்.

"இது வேணாம்டா. வேற பாரு" என்றாள் அக்கா.

"மரம் என்னடி செஞ்சுச்சு?" என்றார் மச்சான்.

மருமகள் காந்தத்தை எடுத்துக் கட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஆணி மூணு எடத்துலதான் இருக்கு. காலுக்கு வேணுங்கிற நீளத்துல இல்ல. வாங்கலாம் மாமா" என்றாள். அவளுக்குப் பாட்டியைத் தெரியாது.

வாங்கினோம். இதை நான் மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டல் வந்திருக்கும், அவர்கள் வாசலை அறுத்து நம் பிள்ளைக்கு மேசை என்று. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இனாமாக வரவில்லை, பேரம் பேசி முழுக் காசு கொடுத்து வாங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் நகரத்துக்குப் போய்ப் பெரிதாகக் கட்டியிருப்பார்கள். அக்கா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மில்லில் அந்தக் கால் ஆறு துண்டானது. நான்கு கால், இரண்டு குறுக்குக் கட்டை. மூலைமட்டம் பிடித்து அடையாளம் போட்டது நான், துளையிட்டது மருமகள், இழைத்தது மச்சான். மெஷின் வைத்திருந்த தச்சர் ஒருவர் கடைசி இழைப்புக்குத் தன் பட்டறையைத் திறந்துவிட்டார். "போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் வாஷர் போடு தம்பி, நடுவுலயும் ஒண்ணு போடு. இல்லாட்டி கட்டையும் கட்டையும் ஒரசி அரைச்சுரும்" என்று சொல்லிக் கொடுத்தார். டீயும் வந்தது, எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸில். காலம் மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வார்னிஷ் அடிக்கவில்லை. அதே அறையில்தான் எல்லோரும் தூங்க வேண்டும், அந்த நெடி வாரக்கணக்கில் போகாது. ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை தேய்த்தோம். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

இப்போது பகுதிப் படிப்பகத்துக்கு இதே அளவில் ஆறு மேசை கேட்கிறார்கள். அங்கே பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறார்கள். ஆறுக்கும் பழைய தேக்கு கட்டுபடியாகாது. காலுக்கும் சில்வர் ஓக்கே போடலாம் என்று கட்டையைக் கால் அங்குலம் தடிப்பாக்கிக் கணக்குப் போட்டிருக்கிறோம். பலகைகளை நிழலில், நடுவே ரீப்பர் கொடுத்து, காற்று போக அடுக்கியாயிற்று. அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது பழைய கணக்கு. இந்தப் பலகைகள் ஏற்கெனவே பாதிக்கு மேல் காய்ந்து வந்தவை. அடுக்கிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து, ஞாயிறுதோறும் மளிகைக் கடைத் தராசில் மச்சான் எடை போடுகிறார். முதல் வாரம் 940 கிராம். அடுத்து 915. போன ஞாயிறு 902. இறங்குவது நின்ற பிறகு அறுக்க ஆரம்பிப்போம்.